பிறப்பும் வளர்ப்பும் விசுவாசமும்

(வெள்ளி விழா இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் படிப்பையே தன் பணியாகக் கொண்டு இயங்கிவரும் ஒரு சங்கத்தின் விழா மேடையில், உண்மைக் கிறிஸ்தவர் யார் என்ற பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இச்சங்கத்தில் இந்துக்கள் இருக்கின்றனர், பௌத்தர்கள் இருக்கின்றனர், எம்மதமும் சம்மதமில்லை என்று சொல்வாரும் இருக்கின்றனர். அவர்களுக்கு இங்கே சமயப் பிரசங்கம் செய்வது என் நோக்கமன்று. இளைஞர் அணியினர் எனக்கு எழுதியனுப்பிய குறிப்பில் மூன்று கேள்விகள் இருந்தன. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த காரணத்தினாலேயே நான் கிறிஸ்தவனா? சான்றிதழில் இந்து என்று எழுதப்பட்டிருப்பதனால் நான் கிறிஸ்தவன் அல்லாதவனா? செத்த பின்னும் என்னைத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறவர் கிறிஸ்தவரா? இறையியல் கல்லூரிகளின் வினாத்தாள்களில் இத்தகைய கேள்விகள் வருவதில்லை. நம் தெருக்களில்தான் வருகின்றன. எனவே நம் தெருவிலிருந்தே விடை தேடுவோம்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். இயேசுவின் சீடர்கள் முதன்முதல் கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்ட ஊர் அந்தியோகியா என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அது அவர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயராகத் தோன்றவில்லை. ஊரார் இட்ட பெயராகவே தோன்றுகிறது. அதே அந்தியோகியாவில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் குறித்திருக்கிறார். பேதுரு அங்கே யூதரல்லாத சகோதரர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்ற யூதச் சகோதரர்களும் விலகினர்; நல்லவராகிய பர்னபாவும் விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்துக் கேட்டார்.

பேதுருவுக்கு விசுவாசம் இல்லை என்று யாரேனும் சொல்ல முடியுமா? ஆண்டவரோடு நடந்தவர் அவர். ஆனால் யாரோடு அமர்ந்து உண்ணலாம், யாரோடு உண்ணலாகாது என்பது அவர் சிறு வயதிலேயே வீட்டில் கற்ற பாடம். பின்னர்க் கற்ற சுவிசேஷம் ஒருபுறம் இழுத்தது. முன்னர்க் கற்ற பந்தி ஒழுங்கு மறுபுறம் இழுத்தது. நான்கு பேர் பார்க்கிறார்கள் என்றவுடன் பழைய பாடம் வென்றுவிட்டது. கிறிஸ்தவர் என்ற பெயர் பிறந்த ஊரிலேயே அப்பெயருக்கு ஏற்பட்ட முதற் சோதனை ஒரு சாப்பாட்டுப் பந்தியில் ஏற்பட்டது. நம் மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுவே உங்களுள் பலருடைய உறக்கத்தைக் கெடுப்பது.

1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதியினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைச் சார்ந்த எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் இசுலாமியர்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே சேரியில், ஒரே தாத்தாவின் பேரர்களுள் ஒருவர் அட்டவணைச் சாதி, மற்றவர் பிற்படுத்தப்பட்டோர். ஊர்த்தெருவில் நடக்கும்போது மட்டும் இருவரும் ஒன்றே.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கடைப்பெட்டி வழங்கும் திட்டம் ஒன்று 1982இல் வந்தது. அவர் ஆதிதிராவிடர், ஆனால் கிறிஸ்தவர். ஆகவே அவருக்கு இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் வரும் இழிவும் தாழ்வும் புதிய சமயத்திலும் அதே அளவு கொடுமையுடன் தொடர்கின்றன என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்குரிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று கூறி மனுவைத் தள்ளிவிட்டனர். வெயிலில் அமர்ந்து செருப்புத் தைப்பவர் தம் மதத்தில் தமக்கு எத்துணைத் துன்பம் என்று அளந்து ஆவணம் ஆக்கித் தரவேண்டுமாம். நீதிபதிகளை நான் குறை கூறவில்லை. அவர்கள் முன்னிருந்த சட்டம் அத்தகையது. அந்தப் பத்தியை நீக்கிவிடலாம் என்று நீதிபதி இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இப்பொருள் பற்றி ஆராய மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதற்கிடையில் நம் வீடுகளில் நடப்பது என்ன? பள்ளிக்கு ஒரு பெயர், ஆலயத்துக்கு ஒரு பெயர். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒருவர், வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் வேறொருவர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வழக்கில், குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்று ஆலய வழிபாட்டில் தொடர்ந்து கலந்துகொள்ளும் ஒருவர் வேலைவாய்ப்பை மட்டும் கருதித் தம்மை இந்து என்று கூறிச் சான்றிதழ் கோருவதை ஏற்க இயலாது என்றும், அது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்றும் தீர்ப்பளித்தது. அவர் வளர்ந்த முறையையும் வழிபடும் முறையையும் நீதிமன்றம் ஆராய்ந்தது. ஒருவர் எம்மதத்தினர் என்று காண வளர்ப்பை ஆராய்கிறவர்கள், அவருக்குச் சேரியில் வாய்த்த வளர்ப்பையும் சேர்த்து ஆராயவேண்டும் என்பதே நம் முறையீடு.

இரு பெயரோடு பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரை நான் பழிக்கமாட்டேன். படிப்பு ஒன்றே தங்கள் பிள்ளைக்கு ஏணி என்று கண்டவர்கள் அவர்கள்; அந்த ஏணியின் முதற்படியிலேயே மதத்தைக் கேட்பதாகச் சட்டம் எழுதிவைத்தவர்கள் வேறு யாரோ. ஆனால் அந்தக் குழந்தையின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இரவில் முழங்காலில் நின்று ஜெபிக்கக் கற்பிக்கிறோம். காலையில் யாரேனும் கேட்டால் சொல்லாதே என்று கற்பிக்கிறோம். விசுவாசம் என்பது கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்யவேண்டிய ஒன்று என அக்குழந்தை விளங்கிக்கொள்கிறது. பெரியவனான பின் அவன் விசுவாசத்தைப் பற்றி வெட்கப்பட்டால் அது அவன் குற்றமாகுமா? குழந்தைக்கு விவரம் தெரியும் வயது வந்ததும், ஏன் இப்படி என்ற முழு வரலாற்றையும், 1950ஆம் ஆண்டு ஆணையிலிருந்து தொடங்கி, பெற்றோரே எடுத்துச் சொல்லவேண்டும். ஒளித்துவைக்கும் பழக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் காரணத்தைக் கொடுக்காமல் விடுவதே பெருங்கேடு. சான்றிதழ் ஒருவரைக் கிறிஸ்தவர் ஆக்குவதும் இல்லை, ஆக்காமல் விடுவதும் இல்லை. அச்சம் ஒருவரை என்ன ஆக்கும் என்பதுதான் என் கவலை.

அரசாங்கம் மட்டுமா நம்மை நோக்கி நீ உண்மைக் கிறிஸ்தவனா என்று கேட்டது? அதற்கு வெகுகாலம் முன்னரே மிஷன் பங்களாக்களிலும் அக்கேள்வி எழுந்தது. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற வசையை நம் பாட்டன்மார் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது இப்பேச்சு மிகுந்தது. அப்பஞ்சத்தில் தெலுங்கு நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி இருந்தார். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் குத்தகையை எடுத்து, பசியால் வாடிய மாதிகர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். அவர்கள் திருமுழுக்குக் கேட்டனர். பஞ்ச நிவாரணம் நடக்கும்வரை கொடுக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். நிவாரணப் பணம் தீர்ந்தது. இனி தருவதற்கு ஒன்றும் இல்லை என்று அறிவித்தார். அதன் பின்னரும் அம்மக்கள் வந்தனர். 1878 ஜூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். சோற்றுக்காக வந்தவர்கள் சோறு நின்ற பிறகு ஏன் வந்தார்கள் என்று வசை பேசியவர்கள் விளக்கவேண்டும்.

சோறு கேட்பது இழிவு என்பதையும் நான் ஒப்பவில்லை. பசித்தவனுக்கு அப்பம் கொடுத்த ஆண்டவர், நீ அப்பத்துக்காக வந்தாயா ஆன்மாவுக்காக வந்தாயா என்று வாசலில் நிறுத்தி விசாரித்ததாக நான் படித்ததில்லை. மானத்தோடு வாழவேண்டும் என்ற ஆசையும் ஆன்மாவின் ஆசைதான்.

இதே காலத்தில் வடக்கே பஞ்சாபில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அங்கும் இதே ஐயம் எழுந்தது, அதற்கு விடை சொன்னவரும் நம்மைப் போன்றவர். சியால்கோட் பகுதியில் டித்து என்று ஒருவர் இருந்தார். துப்புரவுத் தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட சூஹ்ரா சாதியினர். தோல் வாங்கி விற்பவர், கால் ஊனமுற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1873இல் மிஷனரியிடம் வந்து திருமுழுக்குக் கேட்டார். சில காலம் தங்கிப் பாடம் கற்றுக்கொள் என்றனர். அவர் தங்கவில்லை; ஊருக்குத் திரும்பியே தீருவேன் என்றார். இவன் நிலைப்பானா என்ற தயக்கத்தோடுதான் திருமுழுக்குக் கொடுத்தனர். ஊரில் உறவினர் அவரை ஏசினர், ஒதுக்கினர். சில வாரங்கள் கழிந்து டித்து மீண்டும் மிஷன் வாசலில் வந்து நின்றார். உடன் அவர் மனைவி, மகள், அயலார் இருவர். ஏறத்தாழ 30 மைல் நடந்து வந்திருந்தனர். மிஷனரி அவர்களைச் சோதித்துப் பார்த்தார். வேண்டிய அளவு கற்பித்திருந்தார் டித்து. யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. உபதேசியார் என்ற பட்டமும் கொடுக்கவில்லை. தோல் வாங்க ஊர் ஊராக நடந்த காலாலேயே அவர் சுவிசேஷத்தையும் கொண்டுசென்றார். இன்று பாகிஸ்தானில் வாழும் கிறிஸ்தவர்களுள் பெரும்பாலோர் அன்று தொடங்கிய அந்த இயக்கத்தில் வந்தவர்களின் வழித்தோன்றல்களே.

டித்துவுக்குக் கிறிஸ்தவ வளர்ப்பு ஏது? இல்லை. அவர் வளர்ப்பை வாங்கியவர் அல்லர், கொடுத்தவர். பிறப்பினால் ஒருவர் கிறிஸ்தவர் ஆவதில்லை என்ற பொருளில் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெர்த்துல்லியன் எழுதினார். முதல் தலைமுறையைப் பார்த்து எழுதப்பட்ட சொல் அது. நம் முதல் தலைமுறைக்கும் பொருந்தும்.

பிறந்ததனால் கிறிஸ்தவரானவருக்கு என்ன வழி? உங்கள் முதற் கேள்வி அதுதானே. அதற்கு நம் தஞ்சை மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். இராஜநாயக்கன் என்பது அவர் பெயர். பறையர் குலத்தவர், தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வாலிப வயதில் தாமாகவே எழுத்துக் கற்றுக்கொண்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பகுதி அவர் கைக்கு எட்டியது. படித்தார், படித்ததைப் பிறர்க்கு வாசித்துக் காட்டினார், படைவேலையைத் துறந்து தரங்கம்பாடி லுத்தரன் மிஷனின் உபதேசியார் ஆனார். அவர் எந்தச் சபையிலிருந்து எந்தச் சபைக்குப் போனார் என்பது இங்கே முக்கியமன்று. கத்தோலிக்க நண்பர்கள் பொறுத்துக்கொள்க. பிறப்போடு வந்ததை அவர் தம் கண்ணால் படித்துத் தமதாக்கிக்கொண்டார் என்பதே நான் சொல்லவருவது. எழுத்தறிவு அவருக்கு விசுவாசத்தின் கதவாயிற்று. நம் சங்கம் போன்றதொரு கல்விச் சங்கத்தில் இதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறதல்லவா?

மகிழ்ச்சி அத்துடன் நிற்கிறது. குருப்பட்டம் கொடுக்க ஆள் தேடியபோது, அவருடைய தகுதியை மிஷனரிகள் நன்கறிந்திருந்தும், அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற தடை குறுக்கே நின்றது. 1741இல் வேளாளராகிய தியோகு என்பவர் குருவானார். இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். அவர் கைக்கு மறுப்புச் சொன்னவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்களே. ஞாயிறுதோறும் ஆலயம் சென்றவர்களே. இவர்களுள் கிறிஸ்தவர் யார் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வளர்ப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று வாயால் கற்பிப்பது. மற்றொன்று கண்ணால் கற்பிப்பது.

வாயால் கற்பித்ததில் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவர் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். தந்தையின் பெயரை அங்கே சொல்லவில்லை. நம் குடிசைகளிலும் அப்படித்தான். களையெடுத்துத் திரும்பிய கையோடு சிம்னி விளக்கின் முன் பிள்ளைகளை உட்காரவைத்துப் பத்துக் கட்டளையும் பரமண்டல ஜெபமும் சொல்லிக்கொடுத்த பெண்கள் பலருக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ஓராசிரியர் பள்ளியில் பகலில் அரிச்சுவடியும் இரவில் ஞானப்பாட்டும் கற்பித்த உபதேசியார்களுக்கு இச்சமுதாயம் பட்டிருக்கும் கடன் பெரிது. பண்ணையார் முன் கைகட்டி நின்ற தகப்பன் இரவில் எல்லாம் வல்லவரை அப்பா என்று அழைக்கக் கேட்ட குழந்தைக்கு, பண்ணையார்தான் உலகத்தின் கடைசி அதிகாரி அல்லர் என்று தெரிந்துவிடுகிறது. வேறு எந்தப் பள்ளியும் அன்று அதைக் கற்பிக்கவில்லை.

கண்ணால் கற்ற பாடமோ வேறு. தரங்கம்பாடி மிஷன் ஆலயங்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி உட்காரவைத்தனர். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று ஆணை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். ஆண்டவரை விடுவதைவிடச் சாதியை விடுவது கடினமாயிருந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதனை நோக்கிப் பிரிந்துவரும் மண்டபங்கள் இரண்டு, இடையில் சுவர். அங்கே வழக்காடியவர்கள் வேளாளரும் நாடாரும். நம்மவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு, எங்கள் தனி இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடியவர்கள் தோற்றார்கள். சுவர் போயிற்று. ஆனால் அந்த ஆலயத்தில் 38 ஆண்டுகள் குழந்தைகள் வழிபட்டு வளர்ந்தார்களே, அவர்கள் கற்றதை எந்தக் கடப்பாரையால் இடிப்பது? குருவானவர் சகோதர அன்பைப் பற்றிப் பிரசங்கிப்பார். குழந்தை சுவரைப் பார்க்கும். எதை நம்பும்?

பழங்கதை என்று ஒதுக்க இயலவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரும் அதனை எதிர்த்து நடந்த போராட்டங்களும் நாடறிந்தவை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்கிடையே எழுந்த சாதிப்பூசல் கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இறந்தவர்கள் நம்மவர் அல்லர் என்பதனால் அத்துயரம் குறைந்துவிடாது. 2003இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், தம்மைக் காணவந்த தமிழக ஆயர்களிடமே, கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை தலைகாட்டுவது உண்மையான ஒருமைப்பாட்டுக்கு மாறானது என்று எடுத்துரைத்தார். 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில் அதனைப் பெரும் சமூகப் பாவம் என்றே குறித்தது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் மக்களிலிருந்து வந்த முதற் கர்தினால். இவை எல்லாம் நல்லவை. அறிக்கை பேராயர் இல்லத்திலிருந்து பங்குக் கல்லறைக்கு நடந்துவர எத்தனை ஆண்டு எடுக்கும் என்பதே என் வினா.

ஆகவே மூன்றாம் கேள்விக்கு நான் மழுப்பாமல் விடை சொல்கிறேன். தன் சகோதரனைத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறவர் பதிவேட்டின்படி கிறிஸ்தவர், அந்தியோகியாவின்படி அல்லர். பேதுரு தடுமாறியது உண்மை. ஆனால் அவரை எதிர்த்துக் கேட்கச் சபையில் ஒருவர் இருந்தார். கேட்பவர் இல்லாத சபையில் பேதுருவின் தடுமாற்றமே சபையின் வழக்கமாகிவிடும்.

இங்கே கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் அடுத்துச் சொல்லப்போவது நமக்கு.

நாம் கண்ணால் கற்பித்தது என்ன? நம் தெருவில் நம்மவருக்குள்ளேயே மேல், கீழ் இல்லையா? அருந்ததியர் வீட்டில் நாம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோமா? பெண் கொடுத்திருக்கிறோமா? நம் இளைஞன் புதிரை வண்ணார் பெண்ணை மணந்துவந்தால் தாய்மாமன் பந்தலுக்கு வருவாரா? மேல்சாதிக் கிறிஸ்தவர் நம்மை எங்கே நிறுத்தினாரோ, அங்கேயே வேறொருவரை நிறுத்த நாமும் கற்றுக்கொண்டிருக்கிறோம். நம் சமயப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியைப் படித்திருப்பீர்கள். மறுபடியும் பிறந்த, ஆவியில் நிறைந்த மணமகன் தேவை என்று ஒரு வரி; அடுத்த வரியில் உட்பிரிவின் பெயர். மறுபடியும் பிறந்தவருக்கு முதற்பிறப்பின் உட்பிரிவு எப்படி ஒட்டிக்கொண்டு வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை!

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். விசுவாசத்தை வளர்த்தவர்கள் பாட்டிமார் என்றேன். ஆனால் நம் சபைக் குழுக்களில் எத்தனை பெண்கள்? பந்தியில் கடைசியில் உண்பவர் யார்? ஜெபத்தில் தாயின் மடி வேண்டும், தீர்மானத்தில் தாயின் சொல் வேண்டாம் என்று பார்த்து வளரும் மகன் எதைக் கற்பான்?

சிலர் இதையெல்லாம் கண்டு வெளியேறினர். அண்ணல் அம்பேத்கர் மதம் மாறிய தீண்டப்படாதாரின் நிலையைப் பற்றி விரிவாக எழுதி, கிறிஸ்தவம் அவர்களுடைய சமூக இழிவை நீக்கவில்லை என்றும், அநீதியை எதிர்த்துக் கிளம்பும் மனப்பான்மையை அவர்களிடம் வளர்க்கவில்லை என்றும் கண்டித்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அவர் தழுவியது பௌத்தம். அவர் எழுதியதைக் கிறிஸ்தவ இளைஞர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். மறுப்பதற்காக அன்று, கேட்பதற்காக. எழுத்தாளர் பாமா கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே கண்ட சாதி வேற்றுமையைப் பொறாமல் வெளியேறித் தம் வாழ்க்கையைக் 'கருக்கு' என்ற நூலாக 1992இல் தந்தார். மடத்தை விட்டவர் எளியோர் பக்கம் நிற்பதை விட்டாரா? அந்நூலைப் படித்தவர்கள் சொல்லட்டும். நம் பிள்ளைகளுள் ஒருவன் நாளை வந்து, அப்பா, எனக்கு இந்த ஆலயம் வேண்டாம் என்பானாகில், அவன் கெட்டுவிட்டான் என்று கூக்குரலிடாதீர்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையில் சபைக்குத் தேவையான மருந்து இருக்கலாம்.

உள்ளே நின்றே மாற்றியவர்களும் உண்டு. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று நம் மக்கள் அழைத்தவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்தார். சாவுக்கு மட்டும் அடிக்கவேண்டும் என்று ஒதுக்கிவைத்த பறையை வழிபாட்டில் ஒலிக்கச் செய்தார். கடவுளைப் பெத்தவரே என்று அழைத்தார். தாய்க்கும் பொது, தகப்பனுக்கும் பொது, நம் தெருவின் சொல். ஒரே உலையில் வெந்ததைப் பலரும் பகிர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்று வற்புறுத்தினார். பறையைக் கேட்டு முகம் சுளித்த கிறிஸ்தவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. பறை சத்தம் நம் பழைய இழிவை நினைவூட்டுகிறது என்றனர். இழிவு தோற்கருவியில் இல்லையே.

இறுதியாக, இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்க எனக்கு அனுமதி தரவேண்டும். நம் மாலை வகுப்புகளில் இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் பௌத்தப் பிள்ளைகளும், பறையர், பள்ளர், அருந்ததியர் பிள்ளைகளும் பயில்கின்றனர். கணக்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். வாரம் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒருவேளை உண்ணும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். சமைப்பது ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தெருவின் முறையாக இருக்கட்டும். அருந்ததியர் தெருவிலிருந்து தொடங்கட்டும். ஆண்களும் பரிமாறட்டும். பெரியவர்களும் வந்து பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்காரவேண்டும். செலவு பெரிதாக இராது என்று பொருளாளர் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்தத் தெருவின் முறை வரும்போது யார் யார் வராமல் போகிறார்கள் என்பதைச் செயலாளர் அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆண்டு இறுதிப் பொதுக்குழுவில் படிக்கட்டும். என் பெயர் அதில் வருமாயின் என்னையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.